ஜோபர்க் டைரி – 17: கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயே முடிவு பண்ணுங்க

போன சனிக்கிழமை அப்பாவையும் அம்மாவையும் விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். மூணு வாரம் இருந்தார்கள். வீடு இப்போ வெறிச்சோடிக் கிடக்கு. ஃப்ரிட்ஜில் ஒரு டப்பா வத்தக்குழம்பும், அலமாரியில் ரெண்டு கிலோ பருப்புப் பொடியும்தான் மிச்சம். அழுவாச்சிப் பதிவு ஒண்ணு போடலாம்னுதான் உட்கார்ந்தேன். ஆனா ரொம்ப நாளா ஒரு கடன் பாக்கி இருக்கு. "ஜோஹானஸ்பர்க் வர்றேன், ஏர்போர்ட்லேருந்து எப்படி வரணும், கார் வாடகைக்கு எடுக்கலாமா, உயிரோட திரும்புவேனா?" என்று மாசத்துக்கு ரெண்டு மெயிலாவது வருது. தனித்தனியா பதில் எழுதி அலுத்துப் போச்சு. பெத்தவங்களைக் கூட்டிட்டு வந்து, சுத்திக் காட்டி, பத்திரமா திருப்பி அனுப்பின சூட்டோட எல்லாத்தையும் ஒரே பதிவா கொட்டிடறேன். கொஞ்சம் நீளம்தான். டீ போட்டுக்கிட்டு வாங்க.

முதல்ல பயத்தைப் பேசிடுவோம். இந்த ஊரைப் பற்றி நீங்க கேள்விப்பட்டதில் பாதிக்கு மேல் நிஜம். 2022-23ல் மட்டும் நாடு முழுக்க துப்பாக்கி காட்டி கார் பிடுங்கின சம்பவங்கள் 20,000க்கும் மேல். அதில் பாதியை ஒட்டி எங்க கவுட்டெங் மாகாணத்தில். 2017 செப்டம்பரில் ஏர்போர்ட்டிலிருந்து கிளம்பின நெதர்லாந்து சுற்றுலாப் பயணிகளின் பஸ்ஸையே போலீஸ் உடையில் வந்தவர்கள் மறித்து, மொத்தமா சுருட்டிக்கிட்டுப் போனார்கள். ஒரு பஸ்ஸையே மறிக்கிறான்னா பாத்துக்கோங்க.

அதே சமயம் இங்கே லட்சக்கணக்கான பேர் தினமும் காலையில் எழுந்து, பிள்ளையை ஸ்கூலில் விட்டுட்டு, வேலைக்குப் போய், சாயங்காலம் முழுசா வீடு திரும்பறாங்க. நானும் நாலு வருஷமா அப்படித்தான். இந்த நாலு வருஷத்தில் புரிஞ்சது ஒண்ணுதான். வம்பு வர்றது பெரும்பாலும் நாம தயங்கி நிக்கிற இடத்தில். ஏர்போர்ட் வாசலில் "இப்ப என்ன பண்றது"ன்னு முழிக்கும்போது, சிக்னலில் நிற்கும்போது, வீட்டு கேட் திறக்கக் காத்திருக்கும்போது. அந்த நிமிஷங்களைக் குறைச்சா போதும், பாதி ஆபத்து போச்சு.

இதை நான் படிச்சுத் தெரிஞ்சுக்கலை. முதல் தடவை வந்து இறங்கினப்போ எனக்கே நடந்தது.

துபாய் வழியா வந்து, ரெண்டு பெட்டியோட வெளியே வந்து, போனுக்கு சிம் இல்லாம நின்னுக்கிட்டிருந்தேன். கழுத்தில் அட்டை மாட்டின ஒருத்தர் சிரிச்ச முகமா வந்து, "டாக்ஸியா? நான் ஏர்போர்ட் ஆள்தான்"னு சொல்லி என் தள்ளுவண்டியைப் பிடிச்சு உருட்ட ஆரம்பிச்சுட்டார். நானும் ஆட்டுக்குட்டி மாதிரி பின்னாடியே போனேன். லிஃப்ட் ஏறி, பார்க்கிங் கட்டிடத்தில் ஒரு இருட்டு மூலை. டாக்ஸின்னு எந்த அடையாளமும் இல்லாத கார். உள்ளே ஏற்கெனவே ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தாங்க. அப்பத்தான் உறைச்சது. "அவசரமா பாத்ரூம் போகணும்"னு சொல்லி, தள்ளுவண்டியை வெடுக்குன்னு திருப்பிக்கிட்டு நடந்தேன் பாருங்க, திரும்பியே பாக்கலை. உள்ளே வந்து செக்யூரிட்டி மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பெரியவர்கிட்ட போன் வாங்கி சீனியருக்குப் பேசினேன். அவங்க நிஜமாவே டாக்ஸிக்காரங்களா இருந்திருக்கலாம். இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ஆனா அன்னிக்கு என் கால் நடுங்கினது எனக்கு நல்லா தெரியும்.

அதனால் முதல் விதி: எப்படிப் போகப்போறோம், எங்கே போகப்போறோம், யார் வருவாங்க எல்லாத்தையும் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயே முடிவு பண்ணிடுங்க. வெளியே வந்த பிறகு உங்ககிட்ட யார் என்ன கேட்டாலும் "வேண்டாம், நன்றி." அவ்வளவுதான். நிற்காதீங்க. தள்ளுவண்டியை யார் கையிலும் கொடுக்காதீங்க.

உள்ளேயே செய்ய வேண்டியது: சிம் வாங்குங்க, இல்லேன்னா ஊரிலிருந்தே ரோமிங்கோ இ-சிம்மோ போட்டுட்டு வாங்க. டாலரைக் கத்தையா எடுத்து மாத்தாதீங்க. பணம் மாத்துற கவுண்டரில் யார் எவ்வளவு வாங்குறாங்கன்னு ஒருத்தன் நோட்டம் விடுவான், இன்னொருத்தன் பின்னாடியே ஹோட்டல் வரைக்கும் வருவான். இது இங்கே ரொம்பப் பழைய தொழில். முதல் நாள் செலவுக்கு மட்டும் கொஞ்சம் ரேண்ட் எடுத்துக்கோங்க, மிச்சம் கார்டு. ஏடிஎம் முன்னாடி "மெஷின் ரிப்பேர், நான் உதவட்டுமா"ன்னு வர்றவர் யாரா இருந்தாலும் கார்டை எடுத்துக்கிட்டு நடையைக் கட்டுங்க.

அடுத்து எதில் போறதுன்னு. மூணு வழி இருக்கு.

ஒண்ணு, கவுட்ரெயின். 2010 ஜூனில், உலகக் கோப்பை கால்பந்து தொடங்க மூணு நாள் முன்னாடி திறந்த ரயில். ஸ்டேஷன் விமான நிலையத்துக்குள்ளேயே இருக்கு, தெருவில் கால் வைக்கவே வேண்டாம். சாண்ட்டனுக்கு கால் மணி நேரம். சுத்தம், பாதுகாப்பு எல்லாம் பிரமாதம். உள்ளே சூயிங் கம் மென்னா கூட அபராதம் :-) ரெண்டு விஷயம் மட்டும் கவனம். ராத்திரி ஒன்பதுக்கு மேல் இதை நம்பி விமானம் பிடிக்காதீங்க. அப்புறம், பெட்டியோட பார்க் ஸ்டேஷனில் இறங்கி வெளியே நடக்காதீங்க. எங்க விட்ஸ் பல்கலைக்கழகத்துக்கு அதுதான் பக்கம், ஆனாலும் நான் புது ஆளுங்களை ரோஸ்பேங்க்கிலோ சாண்ட்டனிலோதான் இறங்கச் சொல்லுவேன். அங்கே போய் அழைச்சுக்கிட்டு வருவேன்.

ரெண்டு, நீங்க தங்குற ஹோட்டலோ விருந்தினர் விடுதியோ அனுப்புற வண்டி. காசு கொஞ்சம் கூடத்தான். ஆனா ராத்திரி இறங்குறவங்க, வயசானவங்க, முதல் தடவை வர்றவங்க இதுக்கு மேல யோசிக்கவே வேண்டாம். டிரைவர் பேர், போன் நம்பர், வண்டி நம்பர் மூணையும் முதல் நாளே வாட்ஸப்பில் வாங்கிடுங்க. பலகையில் உங்க பேரை எழுதி வெச்சுக்கிட்டு நிற்கிறவரைப் பார்த்ததும் "நான்தான் அது"ன்னு பல்லைக் காட்டாதீங்க. "யாருக்காக வந்திருக்கீங்க, எங்கே போறோம்?"னு நீங்க கேளுங்க. பேரைப் பலகையிலிருந்து பாத்து இன்னொருத்தனும் எழுதிக்கலாம். போற இடம் தெரியாதே அவனுக்கு.

மூணு, ஊபர், போல்ட் மாதிரி ஆப் வண்டி. நான் அடிக்கடி போறது இதில்தான். வண்டி நம்பர், டிரைவர் முகம் ரெண்டும் ஆப்பில் இருக்கிறதோடு பொருந்தலைன்னா ஏறாதீங்க. ஏறினதும் பயணத்தை வீட்டு ஆள் ஒருத்தருக்கு ஷேர் பண்ணிடுங்க. இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கு. பழைய மினிபஸ் டாக்ஸிக்காரங்களுக்கும் ஆப் வண்டிகளுக்கும் பல வருஷமா தகராறு. 2025 ஆகஸ்டில் சொவேட்டோவில் மாப்போன்யா மால் வாசலில் ஒரு ஆப் டிரைவரைச் சுட்டே கொன்னுட்டாங்க. அதனால் சில மால், ஸ்டேஷன் வாசல்களில் டிரைவர் "கொஞ்சம் தள்ளி வாங்க"ன்னு கூப்பிடுவார், உங்களை முன் சீட்டில் உட்காரச் சொல்லுவார், சொந்தக்காரர் மாதிரி தெரியட்டும்னு. அவருக்கும் உயிர் பயம். ஆனா இருட்டுச் சந்துக்குள்ளே வரச் சொன்னா மட்டும் ரத்து பண்ணிட்டு வேற வண்டி போடுங்க.

டிரைவர்களைப் பத்தி ஒரு வார்த்தை. எனக்கு வழக்கமா வண்டி ஓட்டுற அண்ணன் ஒருத்தர், ஜிம்பாப்வேயில் புலவாயோ பக்கம். முதல் தடவை என்னை ஏத்தினப்போ, நான் அவரை ஓரக்கண்ணால் பாத்துக்கிட்டே வந்தேன். அவரும் கண்ணாடியில் என்னைப் பாத்துக்கிட்டே வந்தார். பழகின பிறகு சொன்னார், ரெண்டு தடவை பயணிகளே கழுத்தில் கத்தி வெச்சு வண்டியைப் பிடுங்கியிருக்காங்களாம். ஒரு தடவை டிக்கியில் போட்டு மூடிட்டாங்களாம். "தம்பி, நீ வருஷத்துக்கு ரெண்டு தடவை ஏர்போர்ட் போற. நான் ஒரு நாளைக்கு ஆறு தடவை கதவைத் திறக்கறேன்"னார். சுற்றுலா வர்ற நாம ரொம்ப அலட்டிக்கறோமோன்னு அன்னிக்குத் தோணிச்சு. இந்த ஊர் குற்றத்தோட பாரத்தை முக்கால்வாசி சுமக்கிறது இங்கேயே பொழைக்கிற ஏழைபாழைங்கதான்.

சரி, அம்மா மேட்டருக்கு வருவோம். வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடியே போனில் ஆரம்பிச்சேன்.

"அம்மா, நகை எதுவும் வேண்டாம். வளையல், செயின், தோடு எல்லாம் லாக்கர்ல வெச்சுட்டு வா."

"தாலியையுமாடா?"

"அம்மா..."

"உன் ஊரே வேண்டாம் போ. நான் வரலை."

ரெண்டு நாள் பேச்சே இல்லை. அப்புறம் அத்தைதான் வழி சொன்னாங்க. செயினை லாக்கரில் வெச்சுட்டு, தாலியை மட்டும் மஞ்சள் கயிற்றில் கோத்து, புடவைக்குள்ளே போட்டுக்கிட்டு வந்து இறங்கினாங்க அம்மா. "கல்யாணமான புதுசுல இப்படித்தான் இருந்தேன்"னு சொன்னப்போ வெக்கம் வேற! ஊரிலிருந்து அம்மாவையோ மாமியாரையோ கூட்டிட்டு வர்றவங்க இந்த யோசனையை வெச்சுக்கோங்க. மூணு வாரச் சண்டை மிச்சம்.

இப்போ கார். எங்கப்பா 31 வருஷம் அரசு பஸ் ஓட்டினவர். மாயவரத்திலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர்னு அந்த ரோட்டில் எந்தப் பள்ளம் எங்கே இருக்குன்னு இருட்டிலும் சொல்லுவார். ஆர்டிஓ ஆபீஸில் இன்டர்நேஷனல் பெர்மிட் போட்டுக்கிட்டே வந்தார். இங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டணும், நம்மாளுங்களுக்குக் கஷ்டமே இல்லை. வாடகைக் கார் எடுத்தா ஓட்டப்போற எல்லார் பேரையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்க. பேர் இல்லாதவர் ஓட்டி இடிச்சா இன்ஷூரன்ஸ் கை விரிச்சுடும்.

முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லிக்கிட்டு வந்த நண்பன் பழக்கதோஷத்தில் "அடுத்த ரோபோட்ல லெஃப்ட் எடுங்க"ன்னு சொல்லிட்டான். அப்பா ஜன்னல் வழியா ரோபோவைத் தேடறார் :-)) இங்கே டிராஃபிக் சிக்னலுக்குப் பேரே ரோபோட்தான். மின்வெட்டு 2024க்கு அப்புறம் பெருமளவு குறைஞ்சுட்டாலும், கேபிள் திருட்டுப் புண்ணியத்தில் செத்த ரோபோட் இன்னும் நிறைய. செத்த ரோபோட் வந்தா நாலு பக்கமும் நின்னு, முதல்ல வந்தவர் முதல்ல போகணும். அதை எல்லாரும் மதிக்கிறதைப் பாத்து அப்பா அசந்துட்டார். "நம்மூர்ல இது ஒரு நாள் தாங்காது"ன்னார்.

அப்பாவுக்கு நான் எடுத்த பாடம் இதுதான். உங்களுக்கும்:

- ஏறினதும் கதவு லாக், கண்ணாடி மேலே. பை, போன், லேப்டாப் எதுவும் சீட்டில் இருக்கக் கூடாது. கிளம்பறதுக்கு முன்னாடியே டிக்கியில். போய் இறங்கின இடத்தில் டிக்கியைத் திறந்து வெச்சா நாலு பேர் பாப்பான். சிக்னலில் கண்ணாடியை உடைச்சு எடுக்கறவனுக்கு மூணு விநாடி போதும்.

- முன்னாடி நிற்கிற வண்டியோட பின் சக்கரம் தரையைத் தொடறது உங்களுக்குத் தெரியணும். அவ்வளவு இடைவெளி விட்டு நிறுத்தினாத்தான் ஒடிச்சு வெளியே வர முடியும்.

- தூரத்தில் சிவப்பு விழுந்தா வேகத்தைக் குறைச்சு, பச்சை விழற நேரத்துக்குப் போய்ச் சேருங்க. ராத்திரியில் நின்ன வண்டிதான் குறி.

- பார்க்கிங்கில் ரிமோட்டை அமுக்கிட்டு நடக்காதீங்க. கைப்பிடியை இழுத்துப் பாருங்க. ரிமோட் சிக்னலைத் தடுக்கிற கருவியோட பக்கத்திலேயே ஒருத்தன் நிப்பான்.

- வீட்டுக்கு வர்றதுக்கு ரெண்டு தெரு முன்னாடியே பின்னாடி யார் வர்றான்னு பாருங்க. சந்தேகமா இருந்தா வீட்டுக்குப் போகாம நேரா பெட்ரோல் பங்க்குக்கோ போலீஸ் ஸ்டேஷனுக்கோ விடுங்க. கேட் திறக்கிற வரைக்கும் ரோட்டோரமாவே நில்லுங்க. கேட்டுக்கு முன்னாடி மூக்கை நுழைச்சுட்டா பின்னாடி வந்து அடைச்சுடுவான்.

- நீல விளக்கு போட்ட வண்டி நிறுத்தச் சொன்னா, போலி போலீஸோன்னு சந்தேகம் வந்தா, ஓடாதீங்க. வேகத்தைக் குறைச்சு, நாலு பக்க விளக்கையும் போட்டு, "பின்னாடி வாங்க"ன்னு கையைக் காட்டிட்டு, பக்கத்து போலீஸ் ஸ்டேஷனோ ஆள் நடமாட்டமுள்ள இடமோ போய் நிறுத்துங்க. அதிகாரிகளே சொல்ற வழி இது.

- துப்பாக்கி வந்துட்டா, கார் அவனோடது. வாதம் கூடாது. கை தெரியற மாதிரி, மெதுவா, முகத்தை முறைக்காம இறங்கிடுங்க. பின் சீட்டில் குழந்தை இருந்தா அதை மட்டும் சொல்லுங்க.

- செல்போனிலிருந்து 112. போலீஸுக்கு 10111.

அப்பா எல்லாத்துக்கும் தலையாட்டினார். ஒண்ணே ஒண்ணைத் தவிர. "வழியில யார் கை காட்டினாலும் நிறுத்தக் கூடாது"ன்னு நான் சொன்னப்போ, "அது எப்படிடா"ன்னார். நான் அதை அப்படியே விட்டுட்டேன்.

மூணு வாரமும் ஒரு வம்பும் இல்லை. பிராம்ஃபன்டைன் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். தில்லையாடி எங்க ஊரிலிருந்து எட்டும் தூரம். 1914ல் 16 வயசில் செத்துப்போன வள்ளியம்மையோட கல்லறை இங்கே, என் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்குன்னா அப்பா விடுவாரா? காலையில், கும்பலா, காரை உள்ளேயே கொண்டுபோய் நிறுத்திப் பாத்துட்டு வந்தோம். மெல்ரோஸில் சிவசுப்பிரமணியர் கோயிலுக்கும் போனோம். அம்மாவுக்கு அங்கே கிளம்ப மனசே இல்லை.

அப்புறம் டர்பன் பயணம். என்3 சாலையில் சுமார் 570 கிலோமீட்டர், ஆறு மணி நேரம். போகும்போது பாதி வழி அப்பாதான் ஓட்டினார். பஸ்ஸில் உட்கார்ற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு! திரும்பி வரும்போது இருட்டறதுக்கு முன்னாடி வீடு சேரணும்னு காலையிலேயே கிளம்பினோம். ஆனா வான் ரீனன் கணவாயில் லாரி ஒண்ணு மல்லாந்து, ரெண்டு மணி நேரம் போச்சு. ஹைடல்பர்க்கை நெருங்கும்போது நல்லா இருட்டிடுச்சு. நான் ஓட்டிக்கிட்டிருந்தேன்.

ரோட்டோரத்தில் ஒரு கார். பானட் திறந்திருக்கு. ஒரு ஆள் டார்ச்சை ஆட்டி ஆட்டிக் காட்டறார். பக்கத்தில் ஒரு பொம்பளை, கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு சின்னப் பிள்ளை.

"நிறுத்து தம்பி."

நான் நிறுத்தலை.

"டேய், குழந்தை நிக்குதுடா. நிறுத்துன்னேன்ல!"

நான் ஆக்ஸிலேட்டரை மிதிச்சேன். பின்னாடி அம்மா ஒண்ணும் பேசலை. கண்ணாடியில் அந்த டார்ச் வெளிச்சம் சின்னதாகி மறைஞ்சுது. அப்பா சொன்னார்: "31 வருஷத்துல வழியில நின்ன ஆளை விட்டுட்டு வந்ததில்லடா நான்."

அடுத்த பெட்ரோல் பங்க்கில், வெளிச்சத்தில் போய் நிறுத்தினேன். என்3 சாலைக்குன்னே 24 மணி நேர உதவி எண் ஒண்ணு உண்டு. கிளம்பும்போதே போனில் பதிஞ்சு வெச்சிருந்தேன். கடந்து வந்தப்போ கண்ணில் பட்ட கிலோமீட்டர் பலகை நம்பரைச் சொன்னேன். ரோந்து வண்டி அனுப்பறோம்னாங்க. அப்பா காரை விட்டு இறங்கவே இல்லை.

மறுநாள் காலையில் காபி குடிச்சுக்கிட்டே, "அந்த நம்பருக்கு மறுபடி போடு"ன்னார். போட்டேன். அவங்க பதிவைப் பாத்துச் சொன்னாங்க. ரேடியேட்டர் கொதிச்ச கார். ஒரு குடும்பம். ரோந்து வண்டி போய் உதவி பண்ணி, இழுவை வண்டி வரவழைச்சு அனுப்பி வெச்சிருக்காங்க.

அப்பாகிட்ட அப்படியே சொன்னேன். "ம்"னார். "நெஜமாத்தான் நின்னுருக்காங்க" என்று மட்டும் சொல்லிட்டு பேப்பரை எடுத்துக்கிட்டார்.

இதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்லை மக்களே. அதே ரோடு, அதே இருட்டு, பின் சீட்டில் அம்மா. மறுபடி வந்தாலும் நான் நிறுத்த மாட்டேன். உங்களையும் நிறுத்தாதீங்கன்னுதான் சொல்லுவேன். ஆனா நிறுத்தாம வந்ததோட உங்க வேலை முடிஞ்சுடலை. கிலோமீட்டர் பலகையைப் பாருங்க, வெளிச்சமான இடத்துக்கு வந்ததும் போன் பண்ணுங்க. உதவி எண்ணைக் கிளம்பறதுக்கு முன்னாடியே பதிஞ்சு வைங்கன்னு நான் சொல்றது உங்களுக்காக மட்டும் இல்லை.

போன சனிக்கிழமை ஏர்போர்ட்டில், உள்ளே போறதுக்கு முன்னாடி அப்பா என் தோளைத் தட்டி, "ராத்திரியில ஓட்டாத. அந்த நம்பரை அழிச்சுடாத"ன்னார். அம்மா திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனாங்க. எனக்கும் அங்கே நின்னு கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருக்கணும்னு ஆசைதான். ஆனா மணி ஆறாகப் போகுது, இருட்டிடும். சாவியைக் கையில் எடுத்துக்கிட்டு, நேரா காருக்கு நடந்தேன்.

கேப் டவுன், டர்பன், நைரோபி, லாகோஸ் பக்கம் இருக்கிற பதிவர்கள் உங்க ஊர் விதிகளைப் பின்னூட்டத்தில் சொல்லுங்க. வழியில் நிறுத்தலாமா கூடாதான்னு அப்பா கட்சியில் இருக்கிறவங்களும் தாராளமா திட்டலாம்.

அடுத்த டைரியில்: ரெண்டு கிலோ பருப்புப் பொடியை வெச்சு ஒரு பேச்சிலர் எத்தனை மாசம் ஓட்டலாம் :-)